பக்கம் ஆறு, வரி பதினேழு

ஹெலெனா நகரம், மான்டானா.
சட்டமன்றக் கட்டடத்தின் நிலவறையில்
எனக்கொரு மேசை, வளைகழுத்து விளக்கு, சிவப்புப் பேனா மூன்று.
மசோதாக்களில் பிழை பார்ப்பது என் வேலை.
சொற்குற்றம் மட்டும்.
பொருட்குற்றத்துக்கு மேல்மாடியில்
வாக்கு வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடும் சபை.
தொண்ணூறு நாள்.
ஜனவரிப் பனியில் வந்து இறங்குகிறவர்களுக்கெல்லாம்
படுக்க இடம் வேண்டும்.
ஆகவே டிசம்பரில் வீட்டுக்காரர் வெர்ன் ஹூக்ஸ்ட்ரா
கையுறையைக் கழற்றாமலே கதவைத் தட்டினார்:
"நாலு மாசம்தான், லோர்னா.
அவங்க ரெண்டு மடங்கு தர்றாங்க.
மே மாசம் நீ திரும்பி வந்துடலாம்."
நல்ல மனிதர்.
என் பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டுப் போனார்.

அண்ணன் காஸின் டிரெய்லரில்
தூண்டில் கழிகளுக்கு அடியில் என் படுக்கை.
ஜன்னலைத் திறந்தால்
மூடிப்போன ஈய ஆலையின் கருங்கசடு மலை.
காலையில் குழாய் உறைந்திருந்தால்
முடி உலர்த்தும் கருவியைத் தண்ணீருக்குக் காட்டுவேன்,
தலையை ஈரமாகவே முடிந்துகொண்டு
வேலைக்கு வருவேன்.
வந்து வாசித்தேன்:

வீட்டுவசதியில் முதலீட்டை ஊக்குவிப்பதற்கான சட்டம்.

ஊக்குவிக்க வேண்டுமாம் பணத்தை.
பணம் அவ்வளவு கூச்சப்படும் பிராணி.
காட்டோரம் உள்ளங்கையில் உப்போடு
அசையாமல் நிற்க வேண்டும்.
இருமக் கூடாது.
நிபந்தனை என்று உரக்கச் சொன்னால்
வாலைத் தூக்கிக்கொண்டு
பக்கத்து மாநிலத்துக்கு ஓடிவிடும்.

இருபது குடியிருப்புக்குமேல் கட்டினால்
பதினைந்து வருடம் சொத்துவரி இல்லை.
பதிலுக்கு அவை
குறைந்த வாடகைக்கு இருக்க வேண்டும்,
மற்றும்
இந்த மாநிலத்தில் உழைப்பவருக்கு இருக்க வேண்டும்.
மற்றும்.
அந்தச் சொல்லின் மேல்தான் மொத்தக் கட்டடமும் நின்றது.

மார்ச் ஒன்பது, இரவு பதினொன்று நாற்பது.
திருத்தம் வந்தது, அரைத்தாளில்:
பக்கம் ஆறு, வரி பதினேழு,
'மற்றும்' என்பதை நீக்கி 'அல்லது' என்று சேர்க்கவும்.

வரி பதினேழில்
இப்படித்தான் போனது வரி.

அல்லது.
நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.
லகரத்துக்குப் புள்ளி இருந்தது.
பேனா திறந்தபடி சற்றுநேரம் காய்ந்தது.
பிழை இல்லை.
ஓரத்தில் என் முதலெழுத்தைப் போட்டேன்.

மறுநாள் லிஃப்டில் ஒருவர்,
கிளென்டைவ் பக்கத்து உறுப்பினர், ஆரின் மேடக்ஸ்,
யாரிடமோ புலம்பினார்:
"வாடகை கொள்ளை. ரேடியேட்டர் வேற
விடியக்காலை மூணு மணிக்கு
சுத்தியலால அடிக்கிற மாதிரி அடிக்குது."
என் ரேடியேட்டர்.
"இடது பக்க வால்வுக்கு ஒரு உதை கொடுங்க.
செருப்புக் காலோட, மெதுவா," என்றேன்.
"உங்களுக்கு எப்படித்…"
கதவு திறந்தது. என் தளம்.

பிற்பகல் அவர் பேசியதை
நிலவறை ஒலிபெருக்கியில் கேட்டேன்.
அவர் ஊர் மருத்துவமனைக்கு வந்த செவிலி
ஆறு வாரம் பார்க்கிங்கில் காரிலேயே தூங்கிவிட்டு
வேலையை விட்டுப் போனாளாம்.
குரல் உடைந்தது. நடிப்பில்லை;
பிழை பார்ப்பவளுக்கு அது தெரியும்.
ஆதரவு ஐம்பத்தெட்டு, எதிர்ப்பு நாற்பத்தொன்று.
ஒருவர் வரவில்லை.

மே மாதம் சாவியைத் தந்தார் வெர்ன்.
வாடகையில் நூற்றைம்பது டாலர் ஏறியிருந்தது.
"சந்தை," என்றார், தரையைப் பார்த்து.

அன்றிரவு மூன்று மணிக்கு விழித்துக் கிடந்தேன்.
ரேடியேட்டர் சத்தமே இல்லை.
வால்வில் காலணி மையின் கறுப்புத் தடம்.

கட்டிலோர இழுப்பறையில்
ஒரு மசோதாப் பிரதி கிடந்தது,
காப்பிக் கோப்பையின் வட்டக் கறையோடு.
பக்கம் ஆறைத் திருப்பினேன்.
'அல்லது' என்ற சொல்லின் கீழ் பென்சில் கோடு,
தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.
அருகில் ஒரு கேள்விக்குறி.

விளக்கை அருகில் இழுத்துப் பார்த்தேன்.
அதிலும் பிழை இல்லை.