கட்டுமானம் எண் ஏழு

வரைபடத்தில் அது ஒரு சிறு கட்டம்.
சிவப்பு மையில் ஏழு என்று போட்டவன் நான்தான்.
எட்டு, வன்பொருள் கடை ஆ செங்கின் டத்தோ கோங்:
ஊதுபத்திக்கு மைலோ டின், மூன்று ஆரஞ்சு.
ஒன்பது, சைக்கிளுக்கு ஒட்டுப்போடும் கொட்டகை.
மூன்றுக்கும் ஒரே வாசகம்:
அரசு நிலத்தில் அனுமதியில்லாக் கட்டுமானம்.
சட்டத்துக்கு மூக்கு கிடையாது.
கற்பூரமும் கிரீசும் அதற்கு ஒன்று.

மாவட்ட நில அலுவலகத்தில்
அளவையாளருக்கு உதவியாள் நான்.
பெயர் எதற்கு, சம்பளச் சீட்டில் இருக்கிறது.

புக்கிட் செராயா பட்டணம் என்றால்
இரண்டு வரிசைக் கடை, ஒரு பெட்ரோல் நிலையம்,
செம்பனை லோரிகள் மூச்சுவாங்கித் திரும்பும் முச்சந்தி.
தோட்டம் மூன்று முறை கை மாறியது.
முதலில் மரத்தை எண்ணினார்கள், பிறகு லயத்தை.
மூன்றாம் தடவை மாட்டுக்கொட்டகையைக்கூட.
முனியை யாரும் எண்ணவில்லை.
விற்றவன் கணக்கிலும் இல்லை, வாங்கியவன் கணக்கிலும் இல்லை,
நடுவில் அரிவாளோடு நின்றுவிட்டார்.
பிறகு சாலை அகலமானது.
ஓரடிகூட நகராமல்
அரசாங்கத்துக்குள் வந்துவிட்டார்.

நோட்டீஸ் கொடுக்கப் போனோம்,
நானும் புவான் ரொஹைடாவும்.
படிவம் கேட்டது: நிலத்தில் இருப்பவர் பெயர்,
அடையாள அட்டை எண்.
பேனாவை உதட்டில் வைத்தபடி
புவான் என்னைப் பார்த்தார்.
முனீஸ்வரர், என்றேன்.
எழுத்துக்கூட்டச் சொன்னார். கூட்டினேன்.
அட்டை எண்ணுக்கு ஒரு கோடு.
நேரில் இருந்தாரா, இல்லையா என்ற இடத்தில்
கொஞ்சம் யோசித்து
இரண்டையும் அடிக்காமல் விட்டார்.

ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒட்டலாம்.
கதவு இல்லை.
மூன்று சுவர், தகரக் கூரை, பாதி அணைந்த சுருட்டு.
எண்ணெய் ஊறிய சுவரில் பசைநாடா நிற்கவில்லை.
கடைசியில் அரசமரத்தில், சணலால் கட்டினோம்.
மறுநாள் பார்த்தேன்,
இலாகா முத்திரைக்கு நேர் மேலே குங்குமம்.
யாரோ தாளுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
சீருடையோடு வந்தாள் தவமலர், கோயில் பொருளாளர்.
பிளாஸ்டிக் உறைக்குள் பழைய துரையின் கடிதம்:
கம்பெனிக்குத் தேவைப்படும் வரை ஆட்சேபணை இல்லை.
கையெழுத்தில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது.
"கம்பெனியே இல்லையே.
அப்ப தேவையும் இல்லதானே?"
எனக்குச் சிரிப்பு வந்தது.
சட்ட ஆலோசகருக்கு வராது.
அனுமதி வேறு, உரிமை வேறு, என்றேன்.
மலாயில் யோசித்துத் தமிழில் சொன்னதால்
கல் மாதிரி விழுந்தது.

அவள் முச்சந்தியைக் காட்டினாள்.
வட்டத்தின் நடுவே ஊராட்சி வைத்த
சிமெண்டுச் செம்பனைக் குலை,
இரண்டாள் உயரம், சாயம் உரிந்து.
"அதுவும் அரசாங்க நிலந்தான?
அதுக்கு யாரு நோட்டீஸ் கட்டுனது?"
அதை யாரும் கும்பிடுவதில்லை, என்றேன்.
"அதான் நிக்குது," என்றாள்.

அளக்க வேண்டிய நாளில் என் கூட்டாள் விடுப்பு.
டேப்பின் மறுமுனையை அவளே பிடித்தாள்.
களப்பணியில் பாதுகாப்புக் காலணி கட்டாயம்;
படியேறும் முன் கழற்றினேன்.
புவான் காருக்குள்ளிருந்து பார்த்தார்,
பிறகு கைப்பேசிக்குத் திரும்பினார்.
மாற்று இடம், கழிவுநீர்க் குளத்துக்குப் பின்னால்
நாற்பதுக்கு நாற்பது என்று பேச்சு.
பேச்சுதான். தாளில் இன்னும் வரவில்லை.
அதைச் சொல்லலாமா என்று நினைத்தபோது
டேப் நடுவில் தொய்ந்தது.
"இழுங்க," என்றேன்.
"நீங்க இழுங்க," என்றாள்.

நான்கு புள்ளி இரண்டு மீட்டர் உள்ளே.

மாலை அலுவலகத்தில் பார்க்கிறேன்,
வலது சாக்ஸின் நுனியில் குங்குமம்.
காலை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு
தட்டச்சு செய்யத் தொடங்கினேன்:
கட்டுமானம் எண் எட்டு.
இருப்பவர் பெயர்.