முப்பத்தெட்டு அடி

காலை ஐந்தேகாலுக்குப்
படகுத்துறையின் கடைசிப் பலகையில் குந்தி
கயிற்றில் கட்டிய வெப்பமானியை இறக்குவேன்.
மேலே இருபத்தைந்து.
குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த மாதிரி
ஜூலை முழுக்க இதே வெதுவெதுப்பு.
இன்னும் விட்டு இழுத்தால்
கயிற்றின் கடைசிப் பத்தடி
சுடுகிற மாதிரி குளிர்கிறது.
ஏரிக்குக் கீழே இன்னொரு ஏரி,
மீனெல்லாம் அங்கே குடிபோய்விட்டது.

பிறகு கடை வாசல் கரும்பலகையில்
சாக்கட்டியால் எழுதுவேன்:
தண்ணீர் 25. காற்று இல்லை.
ஈசல் மாதிரிப் பூச்சி மூன்று நாளாய் மிதக்கிறது,
மீனுக்குப் பசி கம்மி.
பிக்கரல்: முப்பத்தெட்டு அடி.
கீழே இர்யா மத்திலா என்று பெயரும் போடுவேன்.

உடைந்த துடுப்பு ஏரிக்கு வருகிறவர்கள்
பலகையை வாசித்துவிட்டுத்தான்
குட்மார்னிங் சொல்வார்கள்.
சட்பரியிலிருந்து பல் டாக்டர் வெண்டல்.
அவர் படகில் ஒரு திரை,
அடியில் கிடக்கும் கல்லைக்கூடக் கலரில் காட்டும்.
அட்டைப்பெட்டி நிறைய அட்டை வாங்கினார்.
கனமான ஈயக்குண்டு கேட்டார்.
முப்பத்தெட்டு அடிக்கு எவ்வளவு நரம்பு விடணும்?
முப்பத்தெட்டு, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரம் ஒன்பது படகு
ஒரே குழிக்கு மேலே.
சின்ன மீனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்.
எல்லோரும் சட்டத்துக்கு அடங்கியவர்கள்,
விட்டார்கள்.
ஆழத்திலிருந்து அவசரமாய் ஏற்றிய உடம்பு.
காற்றுப்பை ஊதி வாயில் பிதுங்க
மீன் முங்க முடியாமல்
வெள்ளை வயிற்றோடு மிதந்து போனது.

வியாழக்கிழமை ரோலண்ட் மிச்சானோ
கல்லாமேல் ஒரு வாளி வைத்தார்.
பதினொன்று.
ஒன்றுகூட என் முழங்கை நீளமில்லை.
"உன் கையெழுத்து நல்லா இருக்கு, இர்யா.
தீவுக்கு அந்தப் பக்கத்துலேருந்தே படிக்க முடியுது."
வாளியை விட்டுவிட்டுப் போனார்.
பகல் முழுக்கக் கடற்காகங்கள்
கடையைச் சுற்றின.

வெள்ளிக்கிழமை
ஈரத்துணி போட்டுத் தேய்த்தேன்.
முப்பத்தெட்டு போகவில்லை,
எட்டின் இரண்டு வட்டமும்
பேய் மாதிரி நின்றன.
அதன்மேலேயே அழுத்தி எழுதினேன்:
பன்னிரண்டு அடி. பாசி ஓரம்.
பெயர் போட்டேன்.
இருபத்திரண்டு வருஷத்தில் முதல் பொய்.
சாக்கட்டி முறிந்தது.
சகுனம் என்று சொல்ல மாட்டேன்,
மலிவுச் சாக்கட்டி.

எல்லாப் படகும் பாசி ஓரம் போயின.
பாசி பிடித்தார்கள்.
வெண்டலுக்கு மட்டும் ஒரு பைக்,
இரண்டு சக்கரம் அல்ல, இரண்டு தாடை,
நரம்பைக் கடித்துப்
பித்தளைக் கரண்டியோடு போய்விட்டது.
மூக்கு உரிந்து திரும்பி
ஐஸ்கிரீம் வாங்கினார்கள்.
திரை வேற மாதிரி சொல்லுதே, என்றார் வெண்டல்.
திரைக்கு இந்த ஏரி புதுசு, என்றேன்.

சனிக்கிழமை.
இங்கே பத்து மணிக்குத்தான்
சூரியனுக்குக் கிளம்ப மனசு வரும்.
அது போய், கொசு வந்து,
நான் பூட்டும்போது
ரோலண்ட் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்,
மெதுவாக, என் பெயர் வரைக்கும்.
ஒரு டஜன் அட்டை, என்றார்.
மோட்டார் சத்தம் கேட்கவில்லை.
துடுப்பு.

விடிந்து வந்தால் படியில்
ரொட்டி உறையில் சுற்றிய இரண்டு துண்டு மீன்,
முள்ளெடுத்தது, பனிக்கட்டி மேல்.
பலகையில், பன்னிரண்டு அடிக்குப் பக்கத்தில்
என்னுடையதல்லாத கோணல் எழுத்து:
இரவில்.

துடைக்கத் துணியை எடுத்தேன்.
வெண்டலின் படகில் விளக்கு இருக்கிறதா
என்று யோசித்தேன்.
துணியை ஆணியில் மாட்டிவிட்டு
வெப்பமானியை இறக்கினேன்.
இருபத்தாறு.