ஒன்றாக்கு என்னும் பொத்தான்

டோங்காட்டில் குழாய்கள்
ஐந்தாவது வாரமாக வெறும் காற்றை இருமின.
வரைபட நிரல் என்னுடையது. அதாவது,
கதவைத் திறந்து விடுகிற வேலை என்னுடையது.
யார் வேண்டுமானாலும் துணைநிரல் அனுப்பலாம்;
சோதித்துப் பார்த்து உள்ளே விடுவேன்.

அப்போதுதான் வந்தது
தண்ணீர் லாரி எந்தத் தெருவில் நிற்கிறதென்று
நீலப் புள்ளி வைக்கும் அந்தச் சின்ன நிரல்.
நாற்பத்தொரு கமிட்.
"மன்னிக்கவும், அரைப்புள்ளி விட்டுப்போச்சு" என்று ஒன்று.
"கரண்ட் போகப் போகுது, மிச்சம் நாளைக்கு" என்று ஒன்று.
"ஹம்பனாத்தி மேட்டில் ஜிபிஎஸ் பொய் சொல்லுது,
நானே நடந்து பார்த்தேன்" என்று ஒன்று.

பார்க்க அலங்கோலமாக இருந்தது.
ஒன்றாக்கு என்ற பொத்தானை அழுத்தினேன்.
நாற்பத்தொன்றும் ஒரே வரி. சுத்தம்.
வரியின் முனையில் என் பெயர்.

கவனிக்கவில்லை என்று சொல்ல ஆசை.
முதல் நாள் கவனிக்கவில்லை, அது உண்மை.

பிறகு வெருலத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடம் நன்றி அனுப்பியது.
வார்டு கூட்டத்தில் கைதட்டினார்கள்.
வேலைக்கான நேர்காணலில் அந்தப் புள்ளியைக் காட்டினேன்;
"நாங்கள்" என்று தொடங்கிய வாக்கியம்
நடுவழியில் "நான்" ஆனது.
ஊரார் வீட்டு நெய்,
என் கை.

இன்றிரவு, மூன்றாம் பதிப்புக்கு,
துணைநிரல்களின் பட்டியலைத் தொகுக்கிறேன்:
எழுதியது யார், இப்போது பார்த்துக்கொள்வது யார்,
எந்த உரிமம், எது கைவிடப்பட்டது.
இருபத்தாறு வரி சரியாகப் போனது.
இருபத்தேழில் விரல் நின்றது.

பழைய கிளையைத் தோண்டினேன். அழியாமல் இருந்தது.
நொக்வாண்டா செலே.
எல்லாமே இரவு பதினொன்றுக்கு மேல் எழுதியவை.
இடையில் ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
வாளியோடு வரிசையில் நின்றிருப்பாளோ,
எந்தப் புள்ளியும் இல்லாத தெருவில்.

எங்கள் பெருமாளையே
துறைமுகத்தில் எவனோ பெர்மால் என்று எழுதிவைத்தான்.
என் அடையாள அட்டையில் இன்னும் அப்படித்தான்.
அதைச் சொல்லிச் சொல்லி அலுத்த வாய் இது.

நடந்ததை இனி மாற்றி எழுத முடியாது,
ஆயிரம் பேரிடம் நகல் இருக்கிறது.
கீழே புதிதாக ஒரு வரிதான் சேர்க்கலாம்.

ஆக்கம்: நொக்வாண்டா செலே.
உள்ளே விட்டது: தெவஷ்னி பெர்மால்.

அவளுக்கு எழுதிய கடிதத்துக்கு
இதுவரை பதில் இல்லை. வர வேண்டும் என்றும் இல்லை.

கமிட் செய்தியில்
"சிறு திருத்தம்" என்று தட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
"சிறு"வை அழித்தேன்.