ஒரே அச்சு

ஞாயிற்றுச் சந்தை, காந்தி வீதி.
துருப்பிடித்த தாழ்ப்பாள், ஒற்றைக் கொலுசு,
யாரோ பாரீசுக்குப் போகையில் விட்டுப்போன தட்டுகள்,
நடுவே
உள்ளங்கை நீளத்தில் பச்சை மின்சார இஞ்சின்.

"இதையேதான் போன மாசம் வாங்கினீங்க, முசே."

இதையே இல்லை.
அதன் சன்னல் விளிம்பில் வெள்ளி தீட்டியிருக்கும்,
இதில் வெறும் பிளாஸ்டிக்.
கூரைமேல் கம்பிக்கொம்பு அதற்குச் சிவப்பு, இதற்குக் கறுப்பு.
எண் இரண்டிலும் ஒன்றுதான்,
ஆனால் இதன் ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு.
வீட்டில் நாலு நீல டீசல்கள் நிற்கின்றன,
நாலும் நாலு நீலம்.
தண்டவாளம் வாங்கியதில்லை. ஓட்டினால் சக்கரம் தேயும்.

கேட்டுக்கொண்டே இருந்தாள்.
"எழுநூறு."
போன வாரம் ஐநூறு என்றாயே?
"அது லெயோனி. நான் எஸ்தெல்."

பூதக்கண்ணாடி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

"மூணு வருசமா வர்றீங்க.
அவளுக்குப் புருவத்துல வெட்டுத்தழும்பு.
நான் இடக்கைக்காரி.
வாரம் விட்டு வாரம் மாறி உக்காருவோம்."

பேரம் பேச வாய் வரவில்லை.
செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டினாள்,
இடக்கையால்தான்.

ராத்திரி குறிப்பேட்டைத் திறந்தேன்.
சன்னல்: தீட்டாதது. கொம்பு: கறுப்பு. ஏழு: கோடு உண்டு.
விற்றவர்: எஸ்தெல்.

அதற்கு மேலே பத்தொன்பது வரிகளிலும்
என் கையெழுத்தில்,
'அதே பெண்'.