கன்னிமூலையிலிருந்து பதினெட்டு எட்டு

மாசிக் கடைசி.
கன்னடியன் கால்வாய் வந்து சேருமுன்
பெயரளவுக்கு ஈரமாகிவிடும் கடைமடை.
கையில் அலுவலகம் குலுக்கித் தந்த எண்கள்:
புல எண் முந்நூற்றுப் பன்னிரண்டு,
நீளத்தில் பதினெட்டு எட்டு, அகலத்தில் ஏழு.
இந்த எண்களுக்கு இந்த ஊரில் சொக்காரன் கிடையாது.
அதனால்தான் இவற்றை அனுப்புகிறார்கள்,
கூடவே என்னையும்.

வயல் ஆவுடைநாயகத்துடையது. அம்பை பதினாறு.
பிசானத்துக்குக் கடைசித் தண்ணீர் வரவில்லை;
முக்கால்வாசி பதர்.
காப்பீடு கட்டிய நாற்பது பேர் வரப்பில் நின்று
என் கால்களைப் பார்க்கிறார்கள்.

தென்மேற்கு மூலையில் தொடங்கு என்கிறது படிவம்.
'கன்னிமூலையா? அப்ப நல்லதுதான்' என்றது ஒரு குரல்.
நடந்தேன்.
என் எட்டு சிறியது. சேலை கட்டினால் இன்னும் சிறியது.
பயிர் அறுவடைச் சோதனை நாளில் அதனால்
சுடிதார்தான் போடுவேன்.
பதினெட்டில் நின்று, வலப்பக்கம் திரும்பி, ஏழு.
முளை அடித்தேன்.

மொத்த வயலிலும்
அங்கே மட்டும் கதிர் தலை கவிழ்ந்திருந்தது.
பம்புசெட்டுக் குழாயில் ஒழுக்காம்.
ஒரு பந்தி உட்காருகிற அளவுக்கு விளைச்சல்,
சுற்றிலும் பட்டினி.

'எக்கா, ஒரு அஞ்சு எட்டு தள்ளி அடிங்க.
நம்பருக்கு வாயா இருக்கு, போயிச் சொல்ல?'

ஆவுடைநாயகம் ஒன்றும் கேட்கவில்லை.
முளைக்கும் பதருக்கும் நடுவில் எத்தனை எட்டு என்று
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறுதானே மேடம்
என்றான் காப்பீட்டுக் கம்பெனித் தம்பி.
அந்தப் பானையை யாரோ கிண்டியிருக்கிறார்கள், தம்பி.
ஒரே உலை, ஒரே தீ.
இந்த வயக்காட்டை யார் கிண்டினார்கள்?
தலைமடை குழைந்து கிடக்கிறது,
கடைமடை இன்னும் அரிசி.
கண்ணை நம்பிப் பொறுக்கினால்
கண் தனக்குப் பிடித்ததைத்தான் பொறுக்கும்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் என் கண் எங்கே இருக்கிறதென்று
அவன் பார்த்திருப்பான்.

ஐந்து எட்டு.
செல்போன் வரைபடத்தில் என் புள்ளி
எப்படியும் பத்து மீட்டர் தடுமாறும்.
பொய் சொன்னாலும் பிழை என்றே பதிவாகும்.

அப்போதுதான், அரிவாளைத் தீட்டியபடி, பேச்சித்தாய்:
'போன வருசம் மடத்து வயல்ல
எலி வெட்டுன இடத்துல முளை அடிச்சாவ இந்தக்கா.
ஊரெல்லாம் வெளஞ்சு சாஞ்சு கெடந்துச்சு.
நஷ்டப் பணத்த வரிசையில நின்னு வாங்குனியளே,
அன்னைக்குத் தள்ளி அடிக்கச் சொல்லி
ஒருத்தராவது வாயத் தொறந்தியளா?'

யாரோ செருமினார்கள்.
முதலில் சிரித்தவர் ஆவுடைநாயகம்தான்.
பேச்சித்தாய்க்குச் சொந்தமாக ஒரு சென்ட் இல்லை.
முளை எங்கே விழுந்தாலும் அவள் கூலி அதேதான்.

கயிறு கட்டினோம், ஐந்துக்கு ஐந்து.
அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்தோம்.
பதினான்கு கிலோ எண்ணூறு.
நானூறால் பெருக்கினால் ஒரு ஹெக்டேர்:
ஆவுடைநாயகம் ஒருநாளும் கண்டிராத நெல்.
இன்னும் மூன்று வயல்கள் பாக்கி, வேறு மூன்று எண்கள்.
அவை இதை இறக்கலாம். இறக்காமலும் போகலாம்.
பஸ்ஸில் அதை இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

விதிப்படி அதில் ஒரு கிலோவைக் காயவைத்து
மறுபடி நிறுக்க வேண்டும்.
பாளையங்கோட்டையில் என் வீட்டு மொட்டைமாடி,
விரித்த செய்தித்தாள், வெயில்.
காகம் வந்தது.
அதற்கு எண் அட்டவணை கிடையாது;
முற்றின மணியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தின்றது.
இங்கே குறையும் ஒவ்வொரு மணியும்
அங்கே எத்தனை கோட்டையாகக் குறையும் என்று
மனசு பெருக்கிப் பார்க்கிறது.

விரட்டக் கையை எடுத்தேன்.
எடுத்த கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.
எவ்வளவு நேரம் என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.