காறல்

கோட்டையூர் டிரான்ஸ்ஃபார்மரில் கருகிய கடுவனை
வனக்காவலர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தபோது
மணி ஐந்தே கால். வயிற்றில் இன்னும் சூடு.
விதைப்பைக்கு நான்கு மணி நேரம் தவணை.

சேவுகன் முட்டை உடைத்தான்.
வெள்ளையைத் தம்ளரில் வடித்துவிட்டு
மஞ்சளை என்னிடம் நீட்டினான்.
இந்த ஊர்ச் சுவர்கள் வெள்ளைக்கருவைக் குடித்துப் பளபளத்தவை.
அத்தனை மஞ்சளும் எங்கே போயிற்றென்று
எந்தக் கணக்கேட்டிலும் நான் பார்க்கவில்லை.
எனக்கு மஞ்சள்தான் வேண்டும்.
உறையப்போகும் விந்தணுவுக்கு அது சட்டை.

குளிர்தான் கொல்கிறது என்று
போன வருஷம் வரை நம்பியிருந்தேன்.
பனி ஊசி, ஒடிந்த வால், இப்படி.
சாயமேற்றிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது:
தலையைப் போர்த்திய மெல்லிய கொழுப்பு
தன் மூச்சே பட்டுக் காறிப்போயிருந்தது,
திறந்துவைத்த டின்னில்
ஐப்பசி முறுக்கைப்போல.

சேவுகன் இதற்குச் சிரித்தான்.
"எங்க அக்கா வேலை பாக்குற கம்பெனியில
சிங்கப்பூர் பாக்கெட்டுக்கு நைட்ரஜன் அடிச்சுத்தான் ஒட்டுறாங்க மேடம்.
நம்ம திருச்சி வண்டிதான் அங்கயும் நிக்குது."

அதனால் குளிரில் இறக்குமுன்
துளியில் துளி வைட்டமின் இ.

மறுநாள் வெந்நீரில் உருக்கி எண்ணினேன்.
மருந்தில்லாத குழாயில் நூற்றுக்குப் பதினொன்று நீந்தின.
மருந்திட்டதில் நாற்பத்திரண்டு.
ஆசைப்பட்டு இரட்டித்திருந்த மூன்றாம் குழாயில்
ஆறு.
கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.
ஆறுதான்.

கொஞ்சம் எரியத்தான் வேண்டும்போல அதற்கும்.
சினைமுட்டையின் தோலைத் துளைக்க ஒரு பொறி,
அதையும் நான் அணைத்துவிட்டேன்.

எல்லாம் ஒத்திகை.
என்றோ மலையிலிருந்து ஒரு சோலைமந்தியின் குழாய் வரலாம்,
அப்போது கை நடுங்கக்கூடாது.

சாயங்காலம் லைன்மேன் மெய்யப்பன் வந்தார்.
இவனால் ஊர் நாற்பது நிமிஷம் இருண்டு கிடந்ததாம்,
கம்பிக்கு ரப்பர் சுற்றிவிட்டு வந்திருந்தார்,
அறிக்கைக்குக் கையெழுத்து வேண்டுமாம்.
பார்க்கிறீர்களா என்றேன்.
கட்டிங் பிளேயரை மேசையில் வைத்துவிட்டு
ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்.
வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏம்மா, இது நேத்து செத்தவனா?
இன்னும் ஓடிக்கிட்டே இருக்கானே."

கையெழுத்துப் போட்டேன்.
அவர் போனபின் உருளைக்குள் குச்சி விட்டுப் பார்த்தேன்.
எட்டு விரற்கடை.
வண்டி வியாழக்கிழமைதான் வரும்.