சூடு போகும் பக்கம்

ஹவல்லியில் கம்ப்யூட்டர் தெரு.
வெளியே நாற்பத்தொன்பது டிகிரி.
உள்ளே கண்ணாடிக்குப் பின்னால்
நகைக்கடையில் ஆரம் வைப்பதுபோல
கறுப்பு வெல்வெட்டில்
கிராபிக்ஸ் கார்டுகள்.

"பச்சையா சிவப்பா, சேட்டா?" என்றான் ஷிஜின்.
ஊரில் இது தேர்தல் கேள்வி.
இங்கே என்விடியா, ஏஎம்டி.

ஆறு மாதம் யோசித்திருக்கிறேன்.
கூரையில் கம்ப்ரசரைத் திறந்துபோட்டு
யோசித்திருக்கிறேன்.
ஓவர்டைம் தாளின் பின்பக்கம்
இரண்டு பத்தியாக எழுதிவைத்ததில்
ஒன்றை வியர்வை அழித்தது.
எதை என்று இப்போது நினைவில்லை.

பச்சையில்தான் நிழல் நிஜம்போல் விழும் என்பான்
மேல்கட்டில் தினகர்.
சிவப்பில் அதே காசுக்கு மெமரி கூட என்பான்
அதே தினகர், சம்பளம் வந்த மறுநாள்.
அதற்குமேல் இன்னொரு குழப்பம்:
ஒரே சிப்பை வாங்கி ஆளுக்கொரு சட்டை மாட்டி
ஏழெட்டுக் கம்பெனிகள் விற்கின்றன.
ஒரு பெட்டியில் டிராகன்,
ஒன்றில் வாள் ஏந்திய ரோபோ,
ஒன்றில் எதுவுமில்லை, விலை மட்டும்.

நான் ஏசி மெக்கானிக்.
டிராகனை விடு, விசிறியைக் காட்டு என்றேன்.
திறந்து கையில் கொடுத்தான்.
செம்புக் குழாய், அலுமினியத் தகடு.
பதினொரு வருடமாய் நான் மண் கழுவும்
கண்டென்சரின் சின்னத் தம்பி.
இறகை ஒரு விரலால் சுற்றிவிட்டுக்
காதருகே பிடித்தேன்.
ஷிஜின் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"மூணு வருஷம் வாரண்டி உண்டு."
என் இகாமாவுக்கு ஒரு வருடம்தான்.
சொன்னேன்.
அவனுடையதும் ஒரு வருடம்தானாம்.

பெரியதைத்தான் எடுத்திருப்பேன்.
மூன்று விசிறி, முன்னூறு வாட்.
பணம்கூட இருந்தது, ஏறக்குறைய.

ஆனால் பர்வானியா அறையில்
என் மேசை என்பது
கட்டில் கால்மாட்டில் ஒரு பலகை.
பெட்டியின் பின்பக்கம்
முபீன் தலைவைக்கும் பக்கம்.
முபீனுக்கு ரொட்டி அடுப்பில் வேலை.
பத்து மணிக்கு வருவான்,
இமையில் மாவோடு படுப்பான்.
அங்கே அடுப்பு,
வழியெல்லாம் ஆகஸ்ட்,
வந்து படுத்தால் நான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன்
நூறு வாட் சூடு விடுவான் என்பது
எங்கள் தொழில் கணக்கு.
அறைக்கு எத்தனை டன் ஏசி என்று
அதை வைத்துத்தான் சொல்வோம்.
ஏற்கெனவே நான்கு பேர்.
முன்னூறு வாட் என்றால்
வாடகை தராமல் இன்னும் மூன்று பேர்,
மூவரும் முபீன் தலைமாட்டில்.

ரெட்டை விசிறிக் கார்டைக் காட்டினேன்.
நூற்றுப் பதினைந்து வாட்.
ஒரே ஒரு விருந்தாளி.
பச்சையாக அமைந்தது, அவ்வளவுதான்.
கம்பெனி பெயரைக் கேட்டால்
பெட்டியைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.
ஷிஜினுக்கு முகம் சுருங்கிவிட்டது.
"புதிய கேம் எல்லாம் இதுல பறக்காது, சேட்டா."

பறக்கவேண்டாம்.
நான் ஓட்டுவது லாரி.
மரம் ஏற்றிய லாரி, பெயர் தெரியாத ஒரு வடதேசத்தில்,
சக்கரம் புதையப் பனி,
கண்ணாடித் துடைப்பான் இப்படியும் அப்படியும்.
தினமும் கூரையிலிருந்து இறங்கி
அங்கே போய்விடுவேன் ஒரு மணி நேரம்.
ஹெட்போனுக்கு வெளியே
முபீன் புரண்டு படுப்பது கேட்கும்.
கொஞ்சம் பிரேக் போடுவேன்,
ஏதோ அதனால் அறை குளிரும்போல.

பிறகு ஜனவரி வந்தது.
பாலைவனக் குளிர், காலையில் ஐந்து டிகிரி.
ஹீட்டர் வைத்தால் மெயின் போய்விடும் என்று
ஹாரிஸ் மாடி மாடியாய்த் திட்டிக்கொண்டு போனான்.
எனக்குக் காய்ச்சல். கம்பளிக்குள் கிடந்தேன்.
திரையை விலக்கி நின்றான் முபீன்,
கையில் ஈரச் சாக்ஸ்.

"இன்னிக்கு லாரி எடுக்கலையா?"

எடுத்தேன்.
பெட்டிக்குப் பின்னால்
அவன் இரண்டு உள்ளங்கையும் விரிந்தன.
சாக்ஸ் ஒயரில் தொங்கியது.
"மலை ரோடா பாத்து ஏத்து" என்றான்.

ஏற்றினேன். விசிறி முனகியது.
கொஞ்சநேரம் கழித்து,
குறை சொல்கிற குரலில்:

"வாங்கினதுதான் வாங்கின,
பெரிய கார்டா வாங்கியிருக்கக் கூடாதா?"